டைட்டானியம் டிரைவரும் ஆட்டக்காரர் அனுபவமும்

கோல்ப் ஆட்டக்காரர் ஒருவர் தம் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் விதியை அமெரிக்க கோல்ப் சங்கம் 1938-லும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் அதற்கடுத்த ஆண்டிலும் ஏற்படுத்தின. அவற்றுள் மிக நீளமானதும், குழியை நோக்கிய முதல் அடிக்கென்றே அமைந்ததுமான டிரைவர், 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றில் சாதாரணமாக 14 தடவைக்கு மேல் கையில் எடுக்கப்படுவதில்லை. பந்தை உருட்டிக் குழியில் சேர்க்கும் பட்டரோ அதைப்போல் இருமடங்கு வேலை செய்கிறது. ஆயினும், ஆட்டக்காரர்கள் எந்த மட்டைக்காக அதிகப் பணம் செலவிடுகிறார்கள், எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள், எதை வாங்கிச் சில மாதங்களுக்குள் விற்றுவிட்டு வேறொன்றைத் தேடுகிறார்கள் என்று விசாரித்தால், மூன்று கேள்விக்கும் டிரைவர் ஒன்றே விடையாக வருகிறது.

கடந்த முப்பது ஆண்டுகளாக இந்த ஆசைக்கு உருவம் கொடுத்து வந்திருக்கும் உலோகம் டைட்டானியம். அது ஆட்டக்காரருக்கு மெய்யாகவே எதைக் கொடுத்தது, அவர் எதை நாடி அதை வாங்குகிறார், வாங்கிய பின் அனுபவத்தில் எதைக் காண்கிறார் என்பவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தூரத்தை நாடிச் சென்றவர்களுக்கு அவ்வுலோகம் அளித்த பெரிய வரம் பிழை பொறுக்கும் குணமே என்பதும், அந்த வரத்தின் பெரும்பகுதியைத் தம்முடைய தேர்வினாலேயே பலர் இழந்துவிடுகிறார்கள் என்பதும் என் துணிபு.

டைட்டானியத்துக்கு முன்பு மரம் இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்வதும், நம் காடுகளிலுள்ள கருங்காலிக்கும் பீடி சுற்றும் இலையைத் தரும் மரத்துக்கும் நெருங்கிய உறவுடையதுமான பெர்சிமன் மரத்தைக் கடைந்து, எண்ணெய் ஊட்டி, வார்னிஷ் பூசி, அடிக்கும் முகத்தில் கடினமான ஒரு வில்லையைப் பதித்து, தண்டோடு சேரும் கழுத்தை நூலால் இறுகச் சுற்றி, அக்காலத்துக் கைவினைஞர்கள் செய்த டிரைவர்கள் பார்வைக்கு மிகவும் அழகியவை. அவற்றின் தலை ஏறத்தாழ 150 கன சென்டிமீட்டர் அளவினது. மொத்த நீளம் 43 அங்குலம். முகத்தின் நடுவிலுள்ள சிறிய இடத்தில் பந்து பட்டால் அதனினும் இன்பமான அடி வேறில்லை என்று அவற்றைக் கையாண்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால், அந்த இடத்தைவிட்டுச் சற்று விலகிப் பட்டால் தூரமும் போகும், திசையும் போகும்; மழையில் நனைந்தால் மரம் ஊதும்; ஒரே மரத்தில் வெட்டிய இரண்டு தலைகள்கூட ஒன்றுபோல் இரா. ஆகவே, நல்ல டிரைவர் ஒன்று வாய்த்தவர்கள் அதைப் பத்து, இருபது ஆண்டுகள் கைவிடாமல் காத்து வந்தார்கள்.

1979-இல் காரி ஆடம்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி டெய்லர்மேட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, எஃகை வார்த்து உள்ளே கூடாகச் செய்த தலையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதைக் கண்டு முகம் சுளித்தவர்களே அதிகம். 1984-இல் லீ டிரெவினோ அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியை உலோக டிரைவரால் வென்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னும், 1993-இல், பெர்ன்ஹார்ட் லாங்கர் மர டிரைவரைக் கொண்டே அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெற்றார் என்பதைக் கவனித்தால், சம்பிரதாயம் எவ்வளவு மெதுவாக வழிவிட்டது என்பது விளங்கும். இதற்கிடையில் ஜப்பானில் மிசுனோ நிறுவனம் 1990-ஐ ஒட்டி டைட்டானியத் தலைகளைச் செய்யத் தொடங்கியிருந்தது. ஆனால், அவ்வுலோகம் சாதாரண ஆட்டக்காரரின் பேச்சில் புகுந்தது 1995-இல், கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரிலிருந்து ஈலி காலவே வெளியிட்ட ‘கிரேட் பிக் பெர்த்தா’வினால்தான். 250 கன சென்டிமீட்டர் தலை; விலை 500 டாலர். ஒரு மட்டைக்கு இவ்வளவா என்று வியந்தவர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள்.

ஏன் டைட்டானியம் என்பதற்கு விடை கணக்கிலேயே இருக்கிறது. டிரைவரின் தலை மரமானாலும் எஃகானாலும் சுமார் 200 கிராம் எடையுள்ளதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வீச்சின் வேகம் குறையும், கீழே போனால் அடியின் வலு குறையும். எஃகின் அடர்த்தி நீரைப்போல் எட்டு மடங்கு; டைட்டானியத்தின் அடர்த்தியோ நாலரை மடங்கே. வலிமையில் அதன் கலவைகள் நல்ல எஃகுக்குப் பின்வாங்குபவையல்ல. எனவே, அதே 200 கிராமைக் கொண்டு எஃகினால் செய்யக்கூடியதைவிட மிகப் பெரிய கூட்டைக் கட்டலாம். அதன் சுவர்களை மெல்லியதாக்கி, மிச்சமாகும் எடையை எங்கே வேண்டுமோ அங்கே வைக்கலாம். பின்னால் வந்த மாறுதல்கள் யாவும் இந்த ஒரு வசதியிலிருந்தே கிளைத்தவை.

இவ்வுலோகத்தின் கதையில் நம் கடற்கரைக்கும் ஓரிடம் உண்டு. 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார், ஓடைக்கரையில் கிடந்த கருமணலைச் சோதித்துப் புதிய தனிமம் ஒன்று அதில் இருப்பதைக் கண்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிளாப்ராத் என்ற ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி அதற்குப் பெயர் சூட்டினார். இல்மனைட் எனப்படும் அக்கருமணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவறையிலும், இலங்கையின் புல்மோட்டைக் கரையிலும் ஏராளமாகக் கிடக்கிறது. உலகெங்கும் எடுக்கப்படும் அம்மணலில் பெரும்பங்கு வெள்ளை வர்ணம் செய்யவே போகிறது. சிறு பங்குதான் உலோகமாகிறது. ஏனெனில், ஆக்சிஜனோடு அது கொண்டுள்ள பிணைப்பு சாமானியமானதன்று. லக்ஸம்பர்க் நாட்டு வில்லியம் குரோல் வகுத்த முறைப்படி, மணலிலிருந்து பெற்ற குளோரைடை மக்னீசியத்தால் ஒடுக்கி, அதன் பிறகே உலோகத்தைப் பெற முடிகிறது. உருக்கும்போதும் காற்று படக்கூடாது. வெற்றிடத்தில்தான் வார்க்க வேண்டும். அதனாலேயே அது நெடுங்காலம் போர் விமானங்களுக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் உரிய பொருளாக இருந்தது. சோவியத் ஆட்சி கலைந்து ராணுவங்களின் தேவை சுருங்கியபோது, கையிருப்பில் தங்கிய உலோகத்துக்குக் கோல்ப் மட்டைத் தொழில் புதிய வாடிக்கையாக வந்து சேர்ந்தது. தைவானிலும் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலும் உள்ள வார்ப்படச் சாலைகள் இன்று உலகத்தின் டிரைவர் தலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்கின்றன.

இனி அனுபவத்துக்கு வருவோம். புதிய டிரைவரை வாங்குகிறவரில் அநேகர் நினைப்பது தூரத்தையே. மெல்லிய டைட்டானிய முகத்துக்கு அதில் பங்குண்டு என்பது உண்மை. பந்து கடினமான பரப்பில் மோதும்போது தானே நசுங்கி, அந்த நசுக்கத்தில் சக்தியின் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. முகம் சற்றே உள்வாங்கி மீளுமானால், பந்து குறைவாக நசுங்கும், இழப்பும் குறையும். பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் காலம் ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அதற்குள் இவ்வளவும் நடந்து முடிகிறது. 1990-களின் இறுதியில் உற்பத்தியாளர்கள் முகத்தை மேலும் மேலும் மெல்லியதாக்கிக்கொண்டு போனார்கள். 1998-இல் அமெரிக்கச் சங்கம் விழித்துக்கொண்டு அதற்கு எல்லை வகுத்தது: மோதி மீளும் விகிதம் 0.83-க்கு மேல் போகலாகாது என்று.

அதன்பின் நிகழ்ந்த விவாதம் ஆட்டத்தின் சரித்திரத்தில் விசேஷமானது. 2000-இல் காலவே தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ‘ஈ.ஆர்.சி.’ என்னும், விதிக்குப் புறம்பான டிரைவரை வெளியிட்டார். பொழுதுபோக்காக ஆடும் ஒருவர் அதனால் சிறிது மகிழ்ச்சி அடைந்தால் யாருக்கு நஷ்டம் என்று அதன் அடுத்த வடிவத்துக்குப் பரிந்து பேசியவர், யாவராலும் நேசிக்கப்பட்ட ஆர்னால்ட் பால்மர். ஒரு விதி எல்லாருக்கும் பொது என்பதே கோல்பின் உயிர்நிலை என்று கருதியவர்கள் அவரையே கண்டிக்கத் தயங்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகமோ அப்போது அத்தகைய மட்டைகளை அனுமதித்து வந்தது. ஆகவே அட்லாண்டிக்குக்கு அப்பால் குற்றமாயிருந்த மட்டை இப்பால் சட்டபூர்வமாக இருந்தது. இரு சங்கங்களும் 2002-இல் உடன்பாட்டை நாடி, 2008 ஜனவரி முதல் உலகெங்கும் ஒரே எல்லை என்ற நிலையை எய்தின. அதற்கு முன்பு வாங்கிய அதிமீட்சி மட்டைகளை ஜப்பானிலும் பிற நாடுகளிலும் எத்தனையோ பேர் போட்டிக்கு எடுத்துச் செல்ல முடியாமல் ஒதுக்கி வைக்க நேர்ந்தது. பால்மரின் நெஞ்சத்து ஈரத்தை நான் மதிக்கிறேன். எனினும், சங்கத்தின் முடிவே சரியானது என்று கருதுகிறேன். தந்தையும் மகனும், சாம்பியனும் புதியவரும் ஒரே விதியின்கீழ் ஒரே மைதானத்தில் ஆடலாம் என்ற பெருமை பிற ஆட்டங்களில் அரிது. சில கெஜ தூரத்துக்காக அதை விற்பது லாபமாகாது.

அந்தச் சில கெஜம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மீட்சி விகிதம் 0.78-ஐ ஒட்டியிருந்த பழைய முகத்திலிருந்து 0.83 உள்ள முகத்துக்கு மாறினால், நடுவில் படும் அடியில் பந்தின் வேகம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். சாதாரண ஆட்டக்காரருக்கு அது பத்துக் கெஜத்தை எட்டுவதே அரிது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவ் தூரம் 1980-இல் 257 கெஜமாகவும், 1995-இல் 263 கெஜமாகவும், 2003-இல் 286 கெஜமாகவும் இருந்தது என்பதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா டைட்டானியத்தின் மகிமையை என்பவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டின் இறுதியில், நூல் சுற்றிய பந்தைத் தள்ளிவிட்டு, திடமான கருவும் யுரேதேன் உறையும் கொண்ட புதிய பந்து வந்து புகுந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தேகப் பயிற்சியும், தண்டின் லேசும் அதில் சேர்ந்தவை. பந்துக்கு உரிய புகழில் பெரும்பங்கை மட்டை பெற்றுக்கொண்டது.

பிழை பொறுக்கும் குணம் என்று நான் சொன்னதை இங்கே விரித்துரைக்க வேண்டும். தலையின் நிறை நடுவில் திரண்டிருந்தால், முகத்தின் ஓரத்தில் பந்து பட்ட மாத்திரத்தில் தலை திருகிக்கொள்ளும். வேகமும் திசையும் ஒருங்கே கெடும். நிறை ஓரங்களுக்கும் பின்புறத்துக்கும் பரவியிருந்தால் அத்திருகல் குறையும். பெரிய டைட்டானியக் கூடு செய்தது இதையே. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டருக்கு மேற்படலாகாதென்று 2004-இலும், சுழற்சித் தடை 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டருக்கு மேற்படலாகாதென்று 2006-இலும் விதிகள் வந்தன. மர டிரைவரையும் இன்றைய டிரைவரையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தவர்களின் சாட்சியம் பெரும்பாலும் ஒரே குரலில் வருகிறது: சிறந்த அடிகளிடையே வித்தியாசம் எதிர்பார்த்த அளவு இல்லை, மோசமான அடிகளிடையேதான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்பு காட்டுக்குள் மறைந்த பந்து இப்போது ரப் எனப்படும் உயர்புல்லின் ஓரத்தில் நிற்கிறது. அடிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அதுவே. ஆயினும், கடையில் நின்று ஒரு டிரைவரைச் சோதிக்கிறவர் தம்முடைய மிகச் சிறந்த அடியைக் குறித்துக்கொள்கிறாரேயன்றி, மிக மோசமான மூன்று அடிகள் எங்கே போயின என்பதைக் குறித்துக்கொள்வதில்லை. தேர்வில் நிகழும் முதல் தவறு இது.

இரண்டாவது தவறு நீளத்தைப் பற்றியது. என் மதிப்பில் இதுவே பெரியது. தண்டு எஃகிலிருந்து கிராபைட்டுக்கு மாறி எடை பாதியானபோது, உற்பத்தியாளர்கள் டிரைவரை 43 அங்குலத்திலிருந்து 45 அங்குலத்துக்கும், பிறகு 45½, 46 அங்குலத்துக்கும் நீட்டினார்கள். நீண்ட மட்டையின் முனை வேகமாகச் சுழலும் என்பது உண்மை. அதை ஒவ்வொரு தடவையும் பந்தின் நடுவில் கொண்டு சேர்ப்பது கடினம் என்பது அதைவிட உண்மை. வீச்சைத் தொழிலாகக் கொண்டவர்களே சராசரியாக 45 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த மட்டையை வைத்துக்கொள்ளும்போது, வாரம் ஒருமுறை ஆடுகிறவர் கையில் அவர்களுடையதைவிட நீண்ட மட்டையைக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? 2000-இல் டைகர் உட்ஸ் பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியை 15 அடிகள் வித்தியாசத்தில் வென்றபோது அவர் கையிலிருந்த டிரைவர், இன்றைய கணக்கில் சிறுபிள்ளைத் தலையுள்ளது. 260 கன சென்டிமீட்டரே. தண்டு எஃகு, நீளம் 43½ அங்குலம். 2017-இல் ரிக்கி பவுலரும் அதே நீளத்துக்குத் தம் டிரைவரைக் குறைத்துக்கொண்டார். கடையில் வாங்கிய மட்டையில் ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பார்த்துவிட்டு, தூரம் குறையவில்லை, பந்து விழ வேண்டிய பேர்வே என்னும் வெட்டுப்புல் வெளிதான் அகன்றுவிட்டது என்று வியப்பவர்கள் பலர். பிடித்தமானால் தண்டை அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வெட்டியபின் தலை லேசாகத் தோன்றும், அதற்கு ஈயப் பட்டையை ஒட்டிச் சமன் செய்யலாம். 2022 முதல், போட்டி நடத்துவோர் விரும்பினால் 46 அங்குல எல்லையை விதிக்கலாம் என்று சங்கங்கள் அனுமதித்திருப்பது நீண்ட தண்டுகளுக்கு வந்த மற்றொரு தடை. பொது விதியின் எல்லை 48 அங்குலமே.

முகத்தின் சாய்கோணத்தைத் தேர்ந்தெடுப்பதில் மானாபிமானம் குறுக்கே வருகிறது. 9 பாகை என்று பொறித்த டிரைவர் வீரனுக்குரியது, 12 பாகை முதியவருக்குரியது என்ற எண்ணம் மர டிரைவர் காலத்திலிருந்தே தொடர்கிறது. வீச்சின் வேகம் குறையக் குறைய, பந்து காற்றில் நிற்பதற்கு அதிக ஏற்றம் வேண்டும் என்பதைப் பௌதிகம் தெளிவாகச் சொல்கிறது. டென்மார்க்கில் தோன்றிய டிராக்மேன் என்னும் ரேடார் கருவி இதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது. ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி வீச்சு மணிக்கு 113 மைல், பந்து எழும்பும் கோணம் 11 பாகை. பெண்களின் வீச்சு 94 மைல், கோணம் 13 பாகைக்கு மேல், பந்து காற்றில் செல்லும் தூரம் 220 கெஜத்தை ஒட்டியது. சாதாரண ஆண் ஆட்டக்காரரின் வேகமும் ஏறக்குறைய அந்தப் பெண்களின் வேகமே. ஆனால் அவர் பந்து அவ்வளவு தொலைவு போவதில்லை. அவர் பின்பற்ற வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். பின்பற்றுவதோ தொலைக்காட்சியில் காணும் ஆண் சாம்பியன்களை. பெண்களின் வீச்சைக் கூர்ந்து பார்த்தால், பந்தை டீ எனப்படும் உயர்ந்த தாங்குமுளையின்மேல் வைத்து, மட்டை மேல்நோக்கி எழும்போது அடிப்பது தெரியும். மர டிரைவருக்கு இரண்டங்குல டீ போதுமாயிருந்தது. 460 தலையின் உயர்ந்த முகத்துக்கு மூன்றங்குல டீ தேவை. புது டிரைவரை வாங்கிவிட்டுப் பழைய டீயையே குத்தி வைத்து, பந்து தாழ்வாகப் போகிறதே என்று மட்டையைக் குறைகூறுகிறவர்கள் உண்டு.

தண்டின் வளைவுக்கு இடப்படும் ‘ரெகுலர்’, ‘ஸ்டிப்’ முதலிய அடையாளங்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் ‘ரெகுலர்’ மற்றொன்றின் ‘ஸ்டிப்’பாக இருக்கக்கூடும். ஆகையால் எழுத்தைப் பார்த்து வாங்குவது வீண். 2008-க்குப் பின் விதிகள் இடம் கொடுத்ததால், கழுத்தைச் சிறு சாவியால் கழற்றித் திருப்பிச் சாய்கோணத்தை மாற்றும் வசதி வந்தது. கோணத்தைக் கூட்டினால் முகம் சற்று உள்நோக்கி மூடும் என்பதையும் அறிந்துகொண்டு திருப்ப வேண்டும். பந்து வலப்புறமாக வளைந்தோடும் ஸ்லைஸ் நோயால் அவதிப்படுகிறவர்களுக்கு இம்மூடல் ஓரளவு மருந்தாகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மாற்றம் செய்துகொண்டிருப்பவர்கள், பிழை மட்டையிலா தம் வீச்சிலா என்பதை அறியும் மார்க்கத்தையே இழந்துவிடுகிறார்கள்.

ஓசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று பொறியியலார் கருதினார்கள். ஆட்டக்காரர்கள் அவ்விதம் கருதவில்லை. கையில் உணர்வதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி காதில் கேட்பதே. மரத்தின் கனத்த ‘தட்’ ஒலிக்குப் பழகியவர்களுக்கு, மெல்லிய டைட்டானியக் கூட்டின் கணீரென்ற ஓசை ஆரம்பத்தில் அருவருப்பாயிருந்தது. 2007-ஐ ஒட்டிச் சதுரத் தலையுள்ள டிரைவர்கள் வந்தன. சுழற்சித் தடையில் அவை அன்றைய உச்சத்தை எட்டியவை, நேராகவும் அடித்தன. ஆயினும் அவற்றின் ஓசையும் தோற்றமும் ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் சந்தையைவிட்டு மறைந்தன. பந்தை நேரே செலுத்தும் கருவியை ஓசைக்காக ஒதுக்குவது அறிவீனம் என்று கூறிவிடலாமா? நான் கூற மாட்டேன். நான்கு மணி நேரம் கூட நடந்து வரவேண்டிய கருவி காதுக்கும் கண்ணுக்கும் இசைந்ததாக இருக்க வேண்டுமென்று விரும்புவதில் தவறில்லை. மன இசைவு கெட்டால் வீச்சும் கெடும். உள்ளே விலா எலும்புகளைப் போன்ற சட்டங்களை வைத்து ஓசையைத் திருத்தப் பிற்காலத்தில் உற்பத்தியாளர்கள் பாடுபட்டிருப்பது, இவ்விஷயத்தில் ஆட்டக்காரர்களே வென்றார்கள் என்பதற்கு அத்தாட்சி.

நீடித்த உபயோகத்தில் தெரியவரும் சங்கதிகள் சில. டீயின் மேலிருக்கும் பந்துக்கு அடியில் மட்டை புகுந்துவிட்டால், தலையின் உச்சியில் வர்ணம் கீறிப்போகும். அதனால் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை. உள்ளே ஒட்டுப்பசையின் துணுக்கு கழன்று கடகடக்கும். மட்டை உடைந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம். முகத்தில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றினால் மட்டும் அதற்கு ஆயுள் முடிந்தது. வீச்சு வேகமுள்ளவர்களுக்கே அது பெரும்பாலும் நேர்கிறது. நாளாக ஆக டைட்டானிய முகம் துள்ளலை இழந்துவிடும் என்று பலர் நம்பிப் புதியது வாங்குகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆயிரக்கணக்கான மோதல்களில் மெல்லிய முகம் மேலும் இளகி, விரிசல் விடுவதற்கு முன்பு அதிகமாகவே துள்ளுகிறது. 2019-இல் போர்ட்ரஷில் நடந்த ஓப்பன் போட்டிக்கு முன்பு, சான்டர் ஷாப்லே என்னும் முன்னணி ஆட்டக்காரரின் டிரைவர் எல்லையைக் கடந்துவிட்டதாகச் சோதனையில் கண்டு விலக்கப்பட்டது.

இதிலிருந்து வாங்குகிறவர் பெறக்கூடிய பயன் பெரிது. மீட்சியும் கொள்ளளவும் எல்லையைத் தொட்டு இருபதாண்டு ஆகிறது. நல்ல நிறுவனமொன்றின் நான்கைந்து வருஷத்துக்கு முந்தைய டிரைவர், புதியதன் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். நடுவில் பட்ட அடியில் இரண்டுக்கும் வேற்றுமை காண்பது கடினம். புதியவற்றின் முன்னேற்றம் ஓரத்து அடிகளில் இருக்கிறது. அது மெய்யானது, ஆனால் விளம்பரங்கள் கூறும் அளவினதன்று. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, வீச்சை அளந்து நீளம், கோணம், தண்டு ஆகியவற்றைப் பொருத்தித் தரும் நிபுணரிடம் கொடுப்பது சிலாக்கியம். அவரிடம் போக இயலாதவர், பாதத்தில் தெளிக்கும் வெண்பொடியை முகத்தில் லேசாகப் பூசிப் பத்துப் பந்துகள் அடித்துப் பார்க்கட்டும். பந்து பட்ட இடங்கள் வெள்ளையில் தெளிவாகத் தெரியும். அந்தப் பத்துத் தடங்களும் எந்த மட்டையில் நெருங்கிக் கிடக்கின்றனவோ அதை எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி மைதானத்தின் தேய்ந்த பந்துகளைக் கொண்டு தூரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. நம்ப முடியாத மலிவு விலையில் புது மாதிரியைக் கொடுப்பவரிடம் ஜாக்கிரதை அவசியம். போலிகள் அச்சு அசலாக வருகின்றன, அவற்றின் தலை டைட்டானியம்தானா என்பதே நிச்சயமில்லை.

டைட்டானியத்தின் ஆட்சி முடிந்துவிட்டதா என்ற வினா சமீபத்தில் எழுந்திருக்கிறது. தலையின் மேற்கூரையைக் கரிநாரினால் செய்வது பழகிப்போய்விட்டது. 2022-இல் டெய்லர்மேட், 60 அடுக்குக் கரிநாரினால் முகத்தையே செய்து வெளியிட்டது. முகம் லேசாவதால் மிச்சப்படும் எடையைப் பின்னால் தள்ளலாம் என்பது அதன் தத்துவம். அதனை வாங்கியவர்களில் சிலர் ஓசையைப் புகழ்கிறார்கள், சிலர் மழையில் முகம் வழுக்குகிறதென்கிறார்கள். மற்றப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் டைட்டானிய முகத்தையே தொடர்கின்றன. மீட்சி எல்லை இரண்டுக்கும் ஒன்றேயாதலால், இப்போட்டியினால் ஆட்டக்காரர் இழப்பதும் பெறுவதும் அற்பமே.

என் மனத்துக்கு உகந்த பயன் வேறோரிடத்தில் இருக்கிறது. எஃகுத் தண்டோடு கூடிய பழைய டிரைவரின் மொத்த எடை 370 கிராம் அளவில் இருந்தது. டைட்டானியத் தலையும் மெல்லிய கிராபைட் தண்டும் சேர்ந்து அதை 300 கிராமுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. ஜப்பானில் டன்லப் நிறுவனம் 2000-இல் தொடங்கிய ‘ஜெக்சியோ’ வரிசை, மெதுவான வீச்சுடையவர்களை மனத்தில் வைத்து, லேசான எடை, அதிகக் கோணம், இனிய ஓசை என்ற மூன்றையும் ஒருங்கே அமைத்தது. அந்நாட்டு முதியோரிடையே அதற்கு ஏற்பட்ட செல்வாக்கு மிகப் பெரிது. தோளில் வலியுள்ளவரும், எழுபதைத் தாண்டியவரும், கைவலு குறைந்த பெண்டிரும் 160 கெஜம், 170 கெஜம் அடித்து மனநிறைவோடு பேர்வேயில் நடந்து செல்வதற்கு இவ்வுலோகம் காரணமாயிருக்கிறது. 300 கெஜம் அடிக்கும் இளைஞருக்கு மேலும் ஐந்து கெஜம் சேர்ப்பதற்காக ஆராய்ச்சிச் சாலைகளில் செலவிடும் பொருளில் பாதியை இவர்களுக்காகச் செலவிட்டால், நான்கு வருஷத்தில் ஆட்டத்தைவிட்டு விலகியிருக்கக்கூடிய ஒருவர் பதினைந்து வருஷம் ஆடுவார். இன்று கடைகளில் அத்தகைய மட்டைகள் ஒரு மூலையில், இரண்டொரு மாதிரிகளாக மட்டுமே வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்கள் அதிகமானால் அவை முன்வரிசைக்கு வரும்.